மருந்து நிறுவனங்களும் மருத்துவ மாணவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவக் கல்லூரியில் நான் மருந்தியல் கற்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர் முதல் முதுநிலைப் பயிற்சி மருத்துவர் வரை பலரும் வகுப்பு முடிந்த பிறகு தனியாக வந்து கேட்கும் ஐயங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பே பதில் சொல்லப்பட்ட இடங்களில் அந்தப் பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

நாங்கள் இன்னும் மருந்துச் சீட்டே எழுதவில்லை. மருந்து கம்பெனிக்கு எங்களிடம் என்ன வேலை?

ஒரு மருத்துவர் முப்பது, நாற்பது ஆண்டுகள் மருந்து எழுதுகிறார். அந்தக் கை எந்தப் பெயரை எழுதிப் பழகுகிறது என்பது பயிற்சிக் காலத்தில் வார்டில் முடிவாகிவிடுகிறது. பயிற்சி மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் பாடநூலைப் புரட்டிப் பார்த்து எழுதுவதில்லை. யூனிட்டில் மூத்தவர் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறார். மூத்தவரும் அப்படித்தான் கற்றார்.

இரண்டாம் ஆண்டில் அமாக்சிசிலின், பான்டொப்ரசோல் என்று பொதுப்பெயரில் (ஜெனரிக் பெயரில்) படித்த மாணவர், படிப்பின் இறுதியில் ஓராண்டுப் பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜன் ஆகி மூன்று மாதம் முடிவதற்குள் அந்த மருந்துகளைப் பிராண்டுப் பெயரால் மட்டுமே அழைப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பெயர்களை எந்தத் தேர்விலும் யாரும் கேட்டதில்லை; எந்த ஆசிரியரும் பாடமாக நடத்தியதில்லை. அப்படியானால் யார் கற்பித்தார்கள்? ஓ.பி. அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அளவு அட்டவணை, சுவரில் தொங்கும் காலண்டர், சீட்டுகள் பறக்காமல் இருக்க வைத்த கனமான சிறு பொம்மை, உங்கள் சட்டைப் பையில் உள்ள பேனா ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கும். பாடத்திட்டத்தில் இடம்பெறாத பாடம் அதுதான்.

ஒரு பேனாவும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் என் முடிவை மாற்றிவிடுமா, சார்?

தினையளவு உதவியைப் பனையளவாக எண்ண வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்கு வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதும், கொடுத்தவருக்குத் திரும்பச் செய்ய நினைப்பதும் நம்முடைய நல்ல குணங்கள். அன்பளிப்பு அந்த நல்ல குணத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. பேராசை உள்ளவரிடம் மட்டும் வேலை செய்வதாக இருந்தால் இந்த முறை இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்காது.

2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 2,79,669 மருத்துவர்களின் பதிவுகளைப் பார்த்தது. ஒரு குறிப்பிட்ட பிராண்டை முன்னிறுத்திய நிறுவனத்திடமிருந்து, சராசரியாக 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு வேளை உணவை ஏற்றவர்களிடம்கூட அந்த பிராண்டை எழுதும் விகிதம் கூடுதலாக இருந்தது. உணவுகளின் எண்ணிக்கை கூடக் கூட விகிதமும் கூடியது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இந்த ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, உணவுதான் காரணம் என்று நிறுவவில்லை. அந்த மருந்தை ஏற்கெனவே விரும்பியவர்களே அந்த விருந்துக்குப் போயிருக்கலாம். ஆனால், பயனில்லாத ஒன்றுக்குக் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் ஒரு துறை ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிக்கொண்டே இருக்குமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மற்றவர்கள் மாறலாம். நான் மாற மாட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பிறகென்ன?

2001இல் அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் இந்தக் கேள்வியையே கேட்டார்கள். நிறுவனங்களின் தொடர்பு தங்கள் மருந்துத் தேர்வைப் பாதிக்காது என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்ற மருத்துவர்களுக்கும் பாதிப்பு இராது என்று சொன்னவர்கள் 16 சதவீதம் மட்டுமே. இரண்டு கணிப்பும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை.

அதற்கும் முன்பு, 1992இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நேரடியானது. நிறுவனத்தின் முழுச் செலவில் சுற்றுலாத் தலங்களில் நடந்த கருத்தரங்குகளுக்குச் சென்றுவந்த மருத்துவர்கள் அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு எழுதினார்கள் என்பதை மருத்துவமனையின் மருந்தகப் பதிவேட்டில் பார்த்தார்கள். முன்னிறுத்தப்பட்ட இரண்டு மருந்துகளின் பயன்பாடும் தெளிவாக உயர்ந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர், இந்தப் பயணம் தங்கள் முடிவை மாற்றாது என்று போவதற்கு முன் சொன்னவர்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தன் மனம் சாய்வதைத் தானே உணர முடியாது. அதனால்தான் உள்ளுணர்வை நம்பாமல் விதியை நம்ப வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வாங்குவது குற்றமா?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில்நெறி ஒழுங்குமுறைகளில், 2009 டிசம்பரில் 6.8 என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மருந்து நிறுவனங்களிடமிருந்து அன்பளிப்பு, பயண வசதி, விருந்தோம்பல், ரொக்கம் ஆகியவற்றை மருத்துவர் பெறக் கூடாது என்று அது சொல்கிறது. 2016இல் தண்டனை அளவும் வரையறுக்கப்பட்டது. அன்பளிப்பு 1,000 ரூபாயைத் தாண்டி 5,000 ரூபாய் வரை இருந்தால் கண்டிப்பு. அதற்கு மேல் தொகைக்கு ஏற்ப மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓராண்டுக்கும் மேல். அதே திருத்தம், மருத்துவர்களின் சங்கங்களை இந்தப் பிரிவின் வரம்பிலிருந்து விடுவித்தது. தனி மருத்துவர் வாங்கக் கூடாததைச் சங்கம் வாங்கலாம் என்ற நிலையை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி புதிய, கடுமையான ஒழுங்குமுறைகளை அறிவித்தது. பொதுப்பெயரில் எழுதுவதைக் கட்டாயமாக்கியதற்கும் வேறு சில பிரிவுகளுக்கும் பலத்த எதிர்ப்பு எழுந்ததால், அதே மாதம் 23ஆம் தேதி அவை நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

நான் மாணவன்தானே? பதிவு எண்ணே இல்லாத எனக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும்?

எழுத்தளவில் நீங்கள் சொல்வது சரி. 6.8 பிரிவு மருத்துவரை நோக்கிப் பேசுகிறது. பதிவு பெறாத மாணவர்மீது கவுன்சில் அதன்படி நடவடிக்கை எடுக்க முடியாது. ஹவுஸ் சர்ஜனாகத் தற்காலிகப் பதிவு பெறும்போது நிலைமை மாறுகிறது. இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளுக்கு உங்கள் கல்லூரி வகுக்கும் நடத்தை விதியே பொருந்தும். என்னுடைய வருத்தம் என்னவென்றால், பழக்கம் உருவாகும் அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத்தில் ஒரு வரிகூட வைத்திராத கல்லூரிகள் இருக்கின்றன.

வாங்குபவருக்கு விதி. கொடுப்பவருக்கு?

நிறுவனங்களுக்கான சீரான சந்தைப்படுத்தல் நெறிமுறையை மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச் 12ஆம் தேதி வெளியிட்டது. மருத்துவருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ தனிப்பட்ட பயனுக்காக எந்த அன்பளிப்பும் தரக் கூடாது. கருத்தரங்கில் உரையாற்றுபவரைத் தவிர வேறு யாருக்கும் பயணச் செலவோ தங்கும் செலவோ ஏற்கக் கூடாது. தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் நடத்தக் கூடாது. கல்விக்கான பொருள் என்று தருவதும் ஒன்று 1,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்று அது கூறுகிறது. தகுந்த விளக்கம் இல்லாமல் ஒரு மருந்தைப் பாதுகாப்பானது என்று சொல்லக் கூடாது என்றும், இந்தியாவில் ஓராண்டுக்கு மேல் கிடைத்துவரும் மருந்தைப் புதியது என்று சொல்லக் கூடாது என்றும் அதில் உள்ளது.

புகாரை விசாரிப்பது அந்தந்த நிறுவனம் உறுப்பினராக உள்ள தொழில் சங்கம் அமைக்கும் நெறிக்குழு. கண்டிப்பது, சங்கத்திலிருந்து இடைநீக்கம் செய்வது, திருத்த அறிக்கை வெளியிடச் செய்வது போன்றவையே அதன் கையில் உள்ளன. தன் துறையைத் தானே விசாரிக்கும் அமைப்பு எவ்வளவு தூரம் போகும் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனாலும் இந்த நெறிமுறையைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது. உங்களிடம் யாராவது எதையாவது நீட்டும்போது, அது அவருடைய துறையின் நெறிக்கே புறம்பானது என்று அமைதியாகச் சொல்ல அது உதவும்.

கொடுப்பதும் வாங்குவதும் அவர்கள் இரண்டு பேருக்குள் நடக்கிறது. நோயாளிக்கு இதில் என்ன நஷ்டம்?

2022 பிப்ரவரி 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஒரு சத்து மாத்திரையைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துவதற்காக என்று, விருந்தோம்பல், கருத்தரங்குக் கட்டணம், தங்க நாணயம், தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினி என மருத்துவர்களுக்கு வழங்கியவற்றுக்கான சுமார் 4.73 கோடி ரூபாயை வணிகச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு கோரியது அந்த நிறுவனம். 6.8 பிரிவு மருத்துவரைத்தான் கட்டுப்படுத்துகிறது, எங்களை அல்ல என்பது அதன் வாதம். வாங்குவது தடை செய்யப்பட்டதாக இருக்கும்போது கொடுப்பதற்கு மட்டும் வரிச் சலுகை பெற முடியாது என்று நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் ஆகியோர் கூறினார்கள். இந்தப் பொருள்கள் உண்மையில் இலவசமானவை அல்ல என்றும், அவற்றின் விலை மருந்தின் விலையில் ஏறி மக்கள் தலையில்தான் விழுகிறது என்றும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

மருந்துக் கடையின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பத்து நாளுக்கு எழுதிய ஆண்டிபயாடிக் சீட்டை நீட்டும் அம்மா, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலில் கேட்பார். தொகையைக் கேட்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு, நான்கு நாளுக்கு மட்டும் கொடுங்கள் என்பார். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். வெட்டிய அந்த அட்டையில் ஆறு நாள் சிகிச்சை கடையிலேயே தங்கிவிடுகிறது. இதே மருந்து வேறு பெயரில் பாதி விலைக்கு இருந்திருந்தால் அவர் முழுவதும் வாங்கியிருப்பார். நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது எழுதிய சீட்டு ஒன்று அப்படி வெட்டப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்த பிராண்டை நான் ஏன் எழுதினேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், எங்கள் யூனிட்டில் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருந்திருக்காது.

சாம்பிள் ஏழை நோயாளிக்குத்தானே போகிறது? அதில் என்ன தவறு?

ஐந்து நாள் காய்ச்சலுக்கு முழு அளவும் கொடுக்க முடிந்தால், அந்த ஒரு நோயாளிக்கு அது உதவிதான். ஆனால் சாம்பிளாக வருபவை பெரும்பாலும் புதிய, விலை கூடிய பிராண்டுகள். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ சாம்பிளில் தொடங்கினால், இரண்டு வாரத்தில் அட்டை தீர்ந்த பிறகு அந்த விலையை வாழ்நாள் முழுவதும் கொடுக்கப்போகிறவர் அதே ஏழை நோயாளி. இலவசமாகக் கொடுத்தது மருத்துவரையும் நோயாளியையும் ஒருசேர அந்தப் பெயருக்குப் பழக்கிவிடுகிறது.

மேலே சொன்ன 2024ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, மருந்து எழுதத் தகுதி உள்ளவருக்கு மட்டுமே சாம்பிள் தரலாம். ஒரு மருத்துவருக்கு ஒரு மருந்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு பொதிக்கு மேல் தரக் கூடாது. நிறுவனம் தரும் சாம்பிள்களின் மொத்த மதிப்பு அதன் உள்நாட்டு விற்பனையில் இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விடுதி அறைக்குப் பை பையாகச் சாம்பிள் வந்தால், அது இந்த எல்லைகள் எதிலும் அடங்காது.

ரெப் (நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி) வந்து சொல்லாவிட்டால் புதிய மருந்துகளைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பில் ஒரு பயிற்சி நடத்துகிறேன். பளபளப்பான விளம்பரத் தாள்களை மேசைக்கு ஒன்றாகக் கொடுத்து, இருபது நிமிடத்தில் அதில் விடுபட்டிருப்பவற்றை எழுதச் சொல்வேன். ஒருமுறை ஒரு மேசையில் இருந்த தாளில், போட்டி மருந்தின் தூணைப்போல இரண்டு மடங்கு உயரமான தூணுடன் ஒரு வரைபடம் இருந்தது. ஒரு மாணவி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, இடப்பக்க அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 60இல் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தாள். பூஜ்யத்திலிருந்து வரைந்து பார்த்தபோது இரண்டு தூண்களுக்கும் இடையே விரல் நகத்தின் அகலம்தான் வித்தியாசம் இருந்தது. அதே தாளின் அடியில், கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனால் மட்டும் தெரியும் எழுத்தில், ஆதாரம் நிறுவனத்தின் கோப்பில் உள்ள தரவு என்று போட்டிருந்தது. அந்தக் கோப்பை நாம் யாரும் பார்க்க முடியாது.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது சதவீதம். ஆயிரம் பேரில் இருபது பேருக்கு வரும் மாரடைப்பு, மருந்து கொடுத்தால் பத்துப் பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைப் பாதியாகக் குறைக்கிறது என்றும் சொல்லலாம். ஆயிரத்தில் பத்துப் பேருக்குப் பயன், மீதிப் பேருக்கு வித்தியாசம் இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. பயனைச் சொல்லும்போது முதல் கணக்கையும், பக்கவிளைவைச் சொல்லும்போது இரண்டாவது கணக்கையும் பயன்படுத்துவது விற்பனையின் வழக்கம். மருந்து எழுதப்போகிறவருக்கு இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

தேசிய மருந்து வழிகாட்டி நூல், தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல், உலக சுகாதார நிறுவனம் 1977 முதல் வெளியிட்டுவரும் மாதிரிப் பட்டியல், பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பாய்வுகள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சிகிச்சை வழிகாட்டிகள் எல்லாம் விற்பனை நோக்கமில்லாத வழிகள். உண்மையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் மருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். அது ரெப் சொல்லாமலேயே உங்களை எட்டிவிடும். அவசரமாக அறிய வேண்டிய செய்தியோ பெரும்பாலும் எதிர்த்திசையில் வருவது: 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை (ஒரே மாத்திரையிலோ திரவத்திலோ ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்தவை) தடை செய்தபோது, அவற்றில் பல அன்றுவரை சாதாரணமாக எழுதப்பட்டுவந்தவை. எந்தப் பாடநூலும் பரிந்துரைக்காத கூட்டுகளை நம் மருத்துவர்கள் எங்கே கற்றார்கள் என்பதற்கு முதல் பதிலே விடையாகும்.

கம்பெனி பணம் இல்லாமல் ஒரு சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சி) நடத்த முடியுமா? யதார்த்தமாகப் பேசுங்கள், சார்.

முடியும், சிறியதாக நடத்த வேண்டியிருக்கும். 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் மருத்துவர் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு முப்பது மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம். கல்லூரியின் விரிவுரை அரங்கம், உள்ளூர்ப் பேச்சாளர், தேநீர், மதிய உணவு என்று நடத்தினால் பங்கேற்பாளர் கட்டணத்திலேயே முடிந்துவிடும். நட்சத்திர விடுதியும், தோள்பையும், மாலை விருந்தும் கல்வியின் செலவுகள் ஆகமாட்டா.

பணம் கொடுப்பவர் தலைப்பைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நியூரான்டின் வழக்கு பதிவான சான்று. காபாபென்டின் என்ற அந்த மருந்துக்கு 1993இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி, வலிப்பு நோய்க்குத் துணை மருந்தாகப் பயன்படுத்த மட்டுமே. ஆனால் இருமுனை மனநோய், ஒற்றைத் தலைவலி எனப் பல நோய்களுக்கும் அது முன்னிறுத்தப்பட்டது. சுதந்திரமான கல்வி நிகழ்ச்சி என்ற பெயரில் நடந்த கூட்டங்களும் அதற்குப் பயன்படுத்தப்பட்டன. நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஃபிராங்க்ளின் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2004இல் வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் செலுத்தியது. அந்தக் கூட்டங்களுக்குப் போன மருத்துவர்கள் படிக்கத்தான் போனார்கள்.

ரெப்பை நம்ப வேண்டாம், சரி. ஜர்னலில் வந்த கட்டுரையை நம்பலாம் அல்லவா?

முழுவதுமாக அல்ல. 2001இல் அமெரிக்காவின் முன்னணிக் குழந்தைகள் மனநல இதழ் ஒன்றில் வெளியான 329ஆம் எண் ஆய்வு, மனச்சோர்வு உள்ள வளரிளம் பருவத்தினருக்குப் பாராக்செடின் பயனுள்ளது, பாதுகாப்பானது என்றது. இருபத்திரண்டு பேர் ஆசிரியர்களாகப் பெயரிடப்பட்டிருந்தனர். முதல் வரைவை எழுதியது நிறுவனம் அமர்த்திய வேறொரு எழுத்தாளர். மூலத் தரவை மீண்டும் ஆராய்ந்து 2015இல் வெளியான மறுஆய்வு, மருந்தினால் பயன் இல்லை, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்கு கூடியது என்ற முடிவுக்கு வந்தது. அந்த மருந்தைத் தயாரித்த கிளாக்சோஸ்மித்கிளைன், இதையும் வேறு பல குற்றச்சாட்டுகளையும் முடித்துக்கொள்ள 2012இல் 300 கோடி டாலர் செலுத்தியது.

ஆகவே கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். யார் பணம் கொடுத்தார்கள், ஆசிரியர்களுக்கு என்ன தொடர்பு, தரவு யார் கையில் இருந்தது, ஆய்வு தொடங்குமுன் பதிவு செய்த நோக்கமும் கட்டுரையில் சொல்லப்படும் நோக்கமும் ஒன்றுதானா என்ற நான்கையும் பார்த்துவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள். நிறுவனத்தின் நிதி இருப்பதாலேயே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டியதாகிறது.

ஜெனரிக் பெயரில் எழுதச் சொல்கிறீர்கள். தரம் இல்லாத மாத்திரையால் நோயாளிக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

நியாயமான அச்சம். தரமற்ற மருந்துகள் நம் சந்தையில் பிடிபடுவது உண்மை. ஆனால் அப்படிப் பிடிபடுபவற்றில் பிராண்டுப் பெயர் உள்ளவையும் இருக்கின்றன. நம் நாட்டில் பிராண்டு என்று நாம் சொல்வதில் மிகப் பெரும்பகுதி, காப்புரிமை முடிந்த மருந்துக்கு நிறுவனம் சூட்டிய பெயர்தான். இரண்டுக்கும் உரிமம் வழங்குவது ஒரே சட்டம். தரத்துக்குச் சான்று பரிசோதனைதான். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒப்பந்தப்புள்ளி மூலம் பொதுப்பெயரில் மருந்து வாங்கி, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துத் தமக்கும் அமைத்துக்கொண்டன.

தனியார் கடையில் நிலைமை வேறு என்பதையும் மறைக்கக் கூடாது. வெறும் பொதுப்பெயரை எழுதிக் கொடுத்தால், எந்தத் தயாரிப்பைக் கொடுப்பது என்ற முடிவு கடைக்காரர் கைக்குப் போகிறது; அவர் தமக்கு லாபம் கூடியதை எடுத்துக் கொடுக்கக்கூடும். 2023இல் மருத்துவர்கள் எழுப்பிய இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. பொதுப்பெயரைத் தெளிவாக எழுதுவது, நம்பகமான இரண்டு மூன்று தயாரிப்புகளின் விலையை அறிந்து நோயாளியிடம் சொல்வது என்பதுதான் இன்றைக்கு நான் கடைப்பிடிக்கும் வழி. குறையற்ற வழி என்று அதைச் சொல்ல மாட்டேன்.

என் அண்ணனே மெடிக்கல் ரெப்தான். அவரைப் போன்றவர்களை அவமதிக்கச் சொல்கிறீர்களா?

ஒருபோதும் இல்லை. மாத இலக்கு எட்டாவிட்டால் வேலை போய்விடும் என்ற அச்சத்தோடு, இரவு பத்து மணிக்கும் கிளினிக் வாசலில் கனத்த பையோடு நிற்பவர் அவர். இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் அவர் அல்லர். நிறுவனங்களுக்கான நெறிமுறை வெறும் தன்னார்வ ஏற்பாடாக இருந்த காலத்தில், அதைச் சட்டமாக்கக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றதே மருத்துவ விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்தியக் கூட்டமைப்புதான். எழுந்து நின்று வணக்கம் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். மருந்துக்கு ஆதாரம் என்ன என்று கேளுங்கள். பொருளை மட்டும் வாங்காதீர்கள்.

எங்கள் பேராசிரியரே கம்பெனி நிகழ்ச்சிக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார். இன்டர்னல் மார்க் அவர் கையில். நான் என்ன செய்ய?

உங்களைத் தனியாக நின்று போராடச் சொல்ல எனக்கு மனம் வராது. நிகழ்ச்சிக்குப் போங்கள்; பரிசுப் பையை எடுக்காமல் வாருங்கள். கேள்வி நேரத்தில், இந்த மருந்தைப் பழைய மருந்தோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு உண்டா, விலை எவ்வளவு என்று பணிவாகக் கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் யாரும் கோபப்பட முடியாது.

இதற்கு மேல் செய்ய வேண்டியதைக் கூட்டாகச் செய்யுங்கள். அமெரிக்க மருத்துவ மாணவர் சங்கம் 2002இல் நிறுவனங்களின் செல்வாக்குக்கு எதிராக இயக்கம் தொடங்கி, 2007 முதல் கல்லூரிகளின் கொள்கைக்கு மதிப்பெண் அட்டை வெளியிட்டது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்கே அதில் தோல்வி மதிப்பெண் கிடைத்தது. அங்கே கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளைப் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியருக்குப் பல மருந்து நிறுவனங்களோடு ஆலோசகர் தொடர்பு இருந்ததை மாணவர் ஒருவர் கண்டறிந்ததிலிருந்து கேள்விகள் பெருகின. ஆசிரியர்கள் தம் தொடர்புகளை வகுப்பிலேயே தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. கல்லூரியில் எழுதப்பட்ட விதி ஒன்று இருந்தால், மறுக்கும் சங்கடம் மாணவருக்கும் இல்லை, ஏற்கும் நெருக்கடி பேராசிரியருக்கும் இல்லை. முதல்வரிடம் கொடுக்கும் மனுவில் அந்த விதியைக் கேளுங்கள். எவர் பெயரையும் எழுத வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தில்தான் நெறிமுறைப் பாடம் வந்துவிட்டதே? அது போதாதா?

2019இல் சேர்ந்த அணியிலிருந்து மனப்பாங்கு, நெறி, தொடர்பாடல் என்ற பாடக்கூறு நடைமுறையில் இருப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் காலையில் வகுப்பில் நெறியைப் பேசிவிட்டு, மதியம் அதே துறையில் நிறுவனம் தந்த உணவைப் பரிமாறினால், மாணவர் இரண்டாவது பாடத்தைத்தான் நினைவில் வைப்பார். 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அன்பளிப்புக்குக் கட்டுப்பாடு விதித்த பதினான்கு அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களைப் பின்னாளில் கவனித்தது. அவர்கள் புதிதாகச் சந்தைக்கு வந்த மூன்று மனநல மருந்துகளில் இரண்டை, கட்டுப்பாடு வருமுன் படித்தவர்களைவிடத் தெளிவாகக் குறைவாகவே எழுதினார்கள். கல்லூரியின் நடைமுறை மாறினால் எழுதும் கை மாறுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது.

நிறுவனம் இல்லாமல் மருந்தே இல்லை. எல்லா உறவையும் வெட்டிவிட முடியுமா?

வெட்ட வேண்டியதில்லை. மருந்தைக் கண்டுபிடிப்பதிலும் சோதனை நடத்துவதிலும் மருத்துவர்களும் நிறுவனங்களும் சேர்ந்துதான் வேலை செய்தாக வேண்டும். 6.8 பிரிவே, உரிய அனுமதிகளோடு, கல்லூரி, மருத்துவமனை போன்ற அமைப்பின் வழியாக, வெளிப்படையாகப் பெறும் ஆராய்ச்சி நிதியை ஏற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம், ஆராய்ச்சி நெறிக்குழுவின் ஒப்புதல், பொதுவில் அறிவித்தல் என்ற மூன்றும் இருக்கும் உறவு ஒரு வகை. மூடிய உறையில் வருவது வேறு வகை. நோயாளியின் முன்னிலையில் சத்தமாகச் சொல்ல முடியுமா என்று யோசித்தால், எது எந்த வகை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

நான் ஏற்கெனவே நிறைய வாங்கிவிட்டேன். இப்போது இதையெல்லாம் கேட்கும்போது குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. என்ன செய்வது?

நானும் வாங்கியவன்தான். ஸ்டெதாஸ்கோப்பின் மேல் மாட்டும் பெயர்ச்சீட்டில் தொடங்கி, மாநாட்டுக் கட்டணம் வரை பெற்றிருக்கிறேன். அன்று யாரும் தவறென்று சொல்லவில்லை என்பது உண்மை. நானும் யாரிடமும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இந்த வாரம் நீங்கள் எழுதிய இருபது சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, இதை எங்கே கற்றேன் என்று ஒரு சொல்லில் எழுதுங்கள்: பாடநூல், மூத்தவர், ரெப், தெரியாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் அதே மருந்தின் மிகக் குறைந்த விலையைக் கடையில் விசாரித்துப் பக்கத்தில் குறியுங்கள். எங்கள் துறையில் முதலாண்டு முதுநிலை மாணவர்கள் இதை ஒரு மதியத்தில் முடித்துவிடுகிறார்கள். எழுதிய தாளை என்னிடம் காட்ட வேண்டியதில்லை என்று சொல்லியும், பெரும்பாலோர் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதிகமாக நிரம்பியிருப்பது நான்காவது சொல்தான். வரும் திங்கட்கிழமை ஓ.பி.யில் அந்த மருந்துகளிலிருந்து தொடங்குங்கள்.